முன்னே போன ஒரு ஜோடி ஷூ

ஜெயசீலியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேலூரில் சர்ச்சில் தாலி கட்டி முடிந்து, மண்டப மேடையில் மாப்பிள்ளை ஜெஸ்டனோடு நிற்கிறாள். பரிசு கொடுக்க வந்த கூட்டம் மேடையிலிருந்து வாசல் வரை நின்று வேர்த்து வழிகிறது. கல்யாணப் பெண் பார்த்தாள், பார்த்தாள், பொறுக்க முடியவில்லை. வெள்ளைப் பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டாள். "போட்டோ வேணும்கிறவங்க இந்தப் பக்கம் வாங்க. கவர் குடுத்துட்டு சாப்பிடப் போறவங்க அந்தப் பக்கம் வாங்க" என்று கூட்டத்தை இரண்டாகப் பிரித்தாளாம். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த மாமியாரின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அன்று சூடாகச் சாப்பிட்டார்கள். நான் அங்கே இல்லை, ஜெஸ்டன் சொல்லிக் கேட்டதுதான். அவர் கணக்கு வாத்தியார், கதை விடத் தெரியாதவர்.

யாராவது காத்து நிற்பதைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது. பிறவிக் குணம் அது.

கணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். அம்மா நர்ஸ், அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பட்டம் வாங்கியதும் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். நிரந்தர வேலை, ஊரெல்லாம் மரியாதை. அதை விட்டுவிட்டு 2001-இல் எங்கள் கன்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். "நோயாளிங்கள விட்டுட்டு லாரிய பார்க்கப் போறியா?" என்று அவள் அப்பா கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. "லாரிக்காரனும் மனுஷன் தாம்பா. அவனுக்கும் வீட்டுக்குப் போவணும்ல?" என்றாளாம் இவள்.

என் பெயர் ஆரோக்கியசாமி. அந்த யார்டில் ஸ்டாக்கர் ஓட்டுகிறவன். ஸ்டாக்கர் என்றால், ஒரு வீட்டளவு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கவ்வித் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வண்டி. எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எல்லாரும் சொல்வார்கள். அது தப்பு. மற்றவர்களுக்குப் புத்தி கம்மி, அவ்வளவுதான்.

யார்டு ஆம்பூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளிலிருந்து ஷூவும் பதனிட்ட தோலும் லாரியில் எங்களிடம் வரும். லோடுமேன்கள் அட்டைப்பெட்டிகளை இறக்கிக் கன்டெய்னருக்குள் அடுக்குவார்கள். கஸ்டம்ஸ்காரர் பார்த்து சீல் வைப்பார். நான் தூக்கி டிரெய்லரில் வைப்பேன், அது சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். கப்பல் சனிக்கிழமை கிளம்பும். அதனால் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் திருவிழா.

வினையும் அந்த வெள்ளிக்கிழமையில்தான். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கடல் தாண்டிப் போகிற சரக்கை அந்த நேரத்தில் எந்த டிரைவரும் கேட்டுக்குள் கொண்டு வர மாட்டான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். பன்னிரண்டு அடித்ததும் எல்லாரும் ஓடி வந்து வண்டியைக் கிளப்புவார்கள். கிளப்பி என்ன செய்ய? எங்கள் லோடுமேன்கள் அத்தனை பேரும் பேரணாம்பட்டுப் பாய்மார்கள். அவர்கள் அப்போதுதான் கைகால் கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டிருப்பார்கள். தொழுது, சாப்பிட்டுத் திரும்ப இரண்டரை ஆகிவிடும். அதுவரை நெடுஞ்சாலையில் லாரி மேல் லாரியாக நிற்கும். எதிரே மரியம்மாள் அக்காவின் டீக்கடையில் வடை பறக்கும்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கம்பெனிக்கு நான்கைந்து ஊர்களில் யார்டு. லாரி ஒன்று வந்து வேலை முடித்துப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று மாதா மாதம் சென்னைக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் யார்டுதான் முதலிடம்! மேனேஜர் டேனியல் சார் அறையில் கேடயமே மாட்டியிருந்தது. எப்படி என்று கேளுங்கள். லாரி கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. வெள்ளிக்கிழமை நாங்கள் கேட்டைச் சாத்தியே வைத்திருப்போம். வெளியே அரை நாள் காய்ந்து கருவாடான லாரி, உள்ளே வந்ததும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். காகிதத்தில் நாங்கள் புலிகள்.

ஜெயசீலி வந்த முதல் வாரமே கேடயத்தைப் பார்த்தாள். சன்னல் வழியாக ரோட்டையும் பார்த்தாள்.

"சார், லாரி ரோட்டுக்கு வந்து நின்ன நேரத்த யாரு எழுதறாங்க?"

"அது நம்ம கணக்குல வராதும்மா. கேட்டுக்கு வெளிய நடக்கறது ஹைவேஸ்காரன் பாடு" என்றார் டேனியல் சார்.

"ஆஸ்பத்திரில நான் சீட்டு குடுக்கறப்போதான் நோயாளிக்கு ஜுரம் வந்துச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர், பயந்த சுபாவம். அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டுக்கு இல்லை, வரிசையின் கடைசிக்கு. கடைசி லாரி நின்ற இடத்துக்குப் போய், வந்த நேரத்தை ஓர் அட்டையில் எழுதி, கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டாள். பின்னால் இன்னொன்று வந்தால் அதற்கும் ஓர் அட்டை. வெளியே போகும்போது அட்டையை வாங்கிப் பார்ப்பாள். ஒரு மாதம் இப்படி வெயிலில் நின்று கூட்டிப் பார்த்ததில், வெள்ளிக்கிழமை லாரி ஒன்றுக்கு அரை நாளுக்கு மேல் ஆகிறது என்று வந்தது. கம்பெனியிலேயே கடைசி இடம்.

அந்தக் கணக்கைத்தான் இனிமேல் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றாள் பாருங்கள், எனக்கு வந்ததே ஒரு கோபம்! மெஷினை விட்டு இறங்கி வந்து கத்தினேன்.

"இன்னாம்மா, உனக்குப் புண்ணியமா போவும், சும்மா இருக்கற யார்ட இழுத்து மூட வச்சுடாத. நாப்பது குடும்பம் இதுல சாப்பிடுது."

"மூட வைக்க நான் வேணாம்ணா, அதுக்கு வேற ஆளு கெளம்பியாச்சு" என்றாள் மெதுவாக. "காலைல ஷஹீன் பானு மேடம் வந்துட்டுப் போனாங்க."

நான் கத்தியதில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. ஷஹீன் பானு ஆம்பூரில் ஒரு பெரிய ஷூ ஆலையின் ஏற்றுமதியைப் பார்த்துக்கொண்டவர். எங்கள் சரக்கில் பாதி அவர்களுடையது. இரண்டு தடவை எங்கள் வெள்ளிக்கிழமையால் அவர் சரக்கு கப்பலைத் தவறவிட்டிருந்தது. "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பேன். அப்புறம் நேரா சென்னைக்கே ஓட்டிடுவேன். உங்க கேட்ல நின்னு நின்னு என் டிரைவருங்களுக்கு தாடி வளந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் போனால் யார்டு இல்லை. யார்டு இல்லையென்றால் எனக்கு வேறு எங்கே ஸ்டாக்கர்? பேரணாம்பட்டில் ஆட்டோதான் ஓட்ட வேண்டும்.

டேனியல் சார் அந்தப் புதுக் கணக்கில் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார். "ஜுரத்த மறைச்சுட்டு மருந்து கேட்டா எப்படி சார்?" என்று அவள் கேட்ட கேள்விதான் அவரைப் போட வைத்தது. சென்னையிலிருந்து பதில் வந்தது. பெரிய அதிகாரி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருவார். யார்டை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்.

கையில் இருந்தது மூன்று வெள்ளிக்கிழமை.

அடுத்த நாளே அவள் மரியம்மாள் அக்காவின் கடை பெஞ்சில் டிரைவர்களோடு போய் உட்கார்ந்தாள். நாட்றம்பள்ளிக்காரர் முனிரத்தினம் அவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. ராகு காலம் என்ன மூடநம்பிக்கை என்று அவள் ஆரம்பிப்பாள், இவர்கள் சண்டைக்கு வருவார்கள், வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் ஒரு டீ சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"முனிரத்தினம் அண்ணா, ராகு காலத்துல அவசரமா ஊருக்குப் போயே ஆவணும்னா உங்க வீட்ல இன்னா பண்ணுவீங்க?"

"அதுக்கென்ன மேடம், முந்தியே பைய எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்ல வச்சுருவோம். பை கெளம்பிருச்சுன்னா ஆளு கெளம்பின மாதிரி. அப்புறம் எந்த நேரத்துல போனாலும் தோஷம் கெடையாது."

ஜெயசீலி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்போ லோடுல இருந்து ஒரு பொட்டிய முந்தியே உள்ள வச்சுட்டா?"

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். மற்ற டிரைவர்களைப் பார்த்தார். "ஒரு பொட்டி போதும் மேடம். ஒரு ஜோடி ஷூ போனாலே லோடு போன மாதிரிதான்" என்றார்.

"உனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை உண்டாம்மா? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு நீ" என்று நான் சீண்டினேன்.

"எனக்கு ராகு காலத்துல நம்பிக்கை இல்லண்ணா. முனிரத்தினம் அண்ணன் மேல நம்பிக்கை இருக்கு" என்றாள். அந்த மனுஷன் அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் டீக்காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஒவ்வோர் ஆலையிலிருந்தும் காகிதம் கொடுக்க ஓர் ஆள் காலையிலேயே மொபெட்டில் எங்களிடம் வருவான். இனிமேல் அவன் தன் லோடிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியையும் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதை உள்ளே அலமாரியில் லாரி நம்பர் போட்டு வைத்துவிடுவார்கள். லாரி பதினொரு மணிக்கு வந்தாலும் நேராக உள்ளே. பாய்மார்களுக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது. பன்னிரண்டு வரை அடுக்கித் தள்ளுவார்கள்.

சரி, பன்னிரண்டுக்கு மேல்? அதற்கு அவள் என்னிடம் வந்தாள். கூடவே லோடுமேன்களின் மேஸ்திரி இலியாஸ் பாய்.

"அண்ணா, பாய் ஜும்மாவுக்குப் போற நேரத்துல யார்டுல இருக்கற நம்ம மாதா கோயில் ஆளுங்களும் மத்தவங்களும் லோடு ஏத்தணும். நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் என் சோத்து நேரம். அதுல கை வைக்காத."

இலியாஸ் பாய் சிரித்தார். "ஆரோக்கியம், ஞாயித்துக்கிழமை காலைல உனக்கு டூட்டி. பூசைக்குப் போயி எவ்ளோ நாளாச்சு?"

அது சுருக்கென்று தைத்தது. ஞாயிறு காலை பூசை நேரத்தில் நான் மெஷின் மேல்தான் இருப்பேன். வீட்டில் அதற்கு வாராவாரம் எனக்கு வேறு பூசை நடக்கும்.

"ஞாயித்துக்கிழமைய நாங்க பாத்துக்கறோம் தோஸ்த். வெள்ளிக்கிழமைய நீங்க பாத்துக்கோங்க. யாருக்கும் ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல" என்றார் பாய். என் கோபத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஸ்டாக்கர் ஓட்டத் தெரிந்த அவர் தம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துக்கொண்டான்.

முதல் வெள்ளிக்கிழமை எங்கள் மானம் கப்பலேறியது. நாங்கள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் பாதி தலைகீழாக இருந்தன. தொழுதுவிட்டு வந்த இலியாஸ் பாய் கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லா, இதுக்கு லாரியே நின்னுருக்கலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினோம். பெட்டி அனுப்பிய ஆலைகளும் மூன்றே மூன்றுதான். இரண்டாவது வெள்ளிக்கிழமை பாதி ஆலைகள் அனுப்பின. நாங்களும் தலை எது கால் எது என்று கற்றுக்கொண்டிருந்தோம். ஆனாலும் வரிசை மரியம்மாள் அக்கா கடையைத் தாண்டி நின்றது. ஜெயசீலி ராத்திரி வீட்டில் அழுதாள் என்று ஜெஸ்டன் பிற்பாடு சொன்னார். எங்களிடம் அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அந்த வாரம் முழுக்க ஆலை ஆலையாக ஏறி இறங்கி, "ஒரே ஒரு பொட்டி சார், ஒரு ஜோடி ஷூ சார்" என்று கெஞ்சினாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டேகால் மணிக்கு என் வண்டிக்கு டீசல் ஊற்றினார்கள். நான் ஒரு டீ குடிக்க ரோட்டுக்கு வந்தேன். பெஞ்சில் ஒரு கண்ணாடிக்காரர், கையில் தோல் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் கார் சற்றுத் தள்ளி நின்றது. சென்னை அதிகாரி! எங்களிடம் ஒன்றரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முன்னாலேயே வந்து வேவு பார்க்கிறார்.

அவர் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஒரு லாரி கிடையாது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"வெள்ளிக்கிழமைதான் கூட்டம் தாங்காதுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "லாரியே வரல. இந்த யார்ட எதுக்கு வச்சுக்கணும்?"

லாரி எல்லாம் உள்ளே இருக்கிறது சார் என்று சொல்லலாம். யூனிபாரத்தில் இருக்கிற நான் சொன்னால் அவர் நம்புவாரா? வாயைத் திறப்பதற்குள் மரியம்மாள் அக்கா வடைக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"நீங்க மெட்ராஸ் ஆபீசரா? நல்லா வந்தீங்க! உள்ள ஒரு பொண்ணு இருக்கா, ஜெயசீலின்னு. மொதல்ல அவள இங்கருந்து மாத்துங்க சார்!"

அதிகாரி திடுக்கிட்டார். "ஏம்மா? இன்னா பண்ணுனாங்க?"

"இன்னா பண்ணலைன்னு கேளுங்க! வெள்ளிக்கிழமைன்னா எனக்கு நாலு சட்டி வட ஓடும் சார். அரை நாள் லாரி நிக்கும், டிரைவருங்க துன்னுக்கினே இருப்பாங்க. இந்த மகராசி வந்தா, போச்சு! வர்ற லாரி எல்லாம் சர்ரு சர்ருன்னு உள்ள போவுது. நான் டீ ஆத்தறதுக்குள்ள வெளிய வந்து போய்ட்டே இருக்கு. காலைல இருந்து எத்தினி லாரி! ஒருத்தன் எறங்கல! இந்தா பாருங்க, போட்ட வட அப்படியே கெடக்கு. நான் யாருகிட்ட போயி அழுவேன்?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது.

அதே நேரம் கேட்டிலிருந்து ஒரு லாரி வெளியே வந்தது. முனிரத்தினத்தின் வண்டி. பக்கத்து சீட்டில் ஷஹீன் பானு மேடம்! கடைசியாக ஒரு தடவை தானே நேரில் பார்த்துவிடலாம் என்று, அரை நாள் காத்திருக்கும் தயாரிப்போடு, சாப்பாட்டு டப்பாவும் கையுமாக லாரியிலேயே வந்திருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கையில் டப்பா திறக்காமல் இருந்தது. பின்னாலேயே குடையோடு ஓடி வந்தாள் ஜெயசீலி.

"இன்னா சீலி இது? டப்பாவத் திறக்கறதுக்குள்ள வேலைய முடிச்சு அனுப்பிட்ட? மனுஷிய நிம்மதியா சாப்பிட விட மாட்டியா?" என்று கத்தினார் பானு மேடம். கத்திவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நான் எங்கயும் போகல. போதுமா?"

அதிகாரி எழுந்து நின்றார். மரியம்மாள் அக்காவைப் பார்த்தார், பானு மேடத்தைப் பார்த்தார், காலியான ரோட்டைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எத்தனையோ யார்டு பாத்திருக்கேன். இப்படி ஒரு நற்சான்றிதழ் பாத்ததில்ல" என்றார். பிறகு இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நான் முன்னாலேயே ஓடிவிட்டேன். அவர் வந்தபோது நானும் எங்கள் கோயில் ஆட்களும் வேர்க்க விறுவிறுக்க ஷூ அடுக்கிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை ஒரு பெட்டிகூடத் தலைகீழாக இல்லை.

யார்டு மூடப்படவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து நேரம் எடுக்கும் கணக்கு மற்ற ஊர் யார்டுகளுக்கும் போயிற்று. எல்லா யார்டும் அந்த மாதம் தலைகுப்புற விழுந்ததாகக் கேள்விப்பட்டு நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். டேனியல் சார் பழைய கேடயத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். மரியம்மாள் அக்காவை மட்டும் ஜெயசீலி மறக்கவில்லை. வெளியே காத்திருக்க ஆளில்லையே தவிர, உள்ளே பசியோடு நாற்பது பேர் இருந்தார்கள். யார்டு கேன்டீனை அக்காவுக்கே வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறமும் அக்கா அவளைத் திட்டுவதை நிறுத்தவில்லை. பழக்கதோஷம்.

என் வீட்டிலும் சந்தோஷம்தான். ஞாயிறு பூசைக்கு நான் முதல் வரிசையில் நின்றதைப் பார்த்து என் மனைவி முக்காட்டுக்குள் சிரித்தாள்.

சரக்கு பெருகியது. ஒரு ஸ்டாக்கர் போதாது என்று நான் மூக்கால் அழுதுகொண்டிருந்தேன். மறு வருடம் சென்னையிலிருந்து புத்தம் புது வண்டி வருகிறது என்றார்கள். நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. வந்ததே, எப்போது வந்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு!

பெரிய டிரெய்லர் மேல் மஞ்சள் நிறத்தில் அது ரோட்டில் வந்து நிற்கிறது. முனிரத்தினம் கையை அகல விரித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறார். "புது வண்டி சார்! ராகு காலத்துல உள்ள விட்டா ஆயுசுக்கும் பேஜாரு. பன்னண்டு வரைக்கும் நிக்கட்டும்." டேனியல் சார் கையைப் பிசைகிறார். டிரெய்லர் வழியை அடைத்துக்கொண்டதால் பின்னால் லாரிகள் சேர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. பழைய வரிசை எங்கள் கண் முன்னாலேயே முளைக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஜெயசீலி ஆபீஸிலிருந்து நிதானமாக நடந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சாவியை எடுத்து முனிரத்தினத்தின் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

"இது இன்னா தெரியுதா அண்ணா? இந்த வண்டியோட சாவி. நேத்து சாயங்காலமே பஸ்ல வரவழைச்சு என் மேஜைல வச்சுட்டேன். வண்டி நேத்தே உள்ள வந்தாச்சு. வழிய விடுங்க."

முனிரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே முன்னால் நின்று, "ரைட்டு, ரைட்டு, வா, வா!" என்று டிரெய்லரை உள்ளே விட்டார். பாய்மார்கள் விசில் அடித்தார்கள். மரியம்மாள் அக்கா கேன்டீனிலிருந்து ஓடி வந்து ஆரத்தி சுற்றினார்.

வண்டியை இறக்கியதும் ஜெயசீலி சாவியை என் கையில் வைத்தாள். "ஏறுங்கண்ணா. உங்க வண்டி." நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும், என்னைப் போன்ற கோபக்காரன், தேம்பித் தேம்பி அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் அங்கே இல்லை. பின்னால் நின்றுவிட்ட அந்த ஐந்து லாரிகளைப் பார்க்க, குடையை விரித்துக்கொண்டு கடைசி லாரிக்குப் போயிருந்தாள்.